ஐஸுக்குள் ஒரு சிறுநீரகம்: மணி மேனனின் அறுவைப் பணியை எடைபோடுதல்

மணி மேனன் என்றதும் சிறுநீரியல் மருத்துவர்களுக்கு நினைவுக்கு வருவது பிராஸ்டேட்தான். டெட்ராய்ட் நகரின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் இருந்துகொண்டு, பிராஸ்டேட் புற்றுநோயை ரோபோவின் துணையோடு அகற்றும் அறுவையை அமெரிக்கா முழுவதும் பரவச் செய்தவர் என்பது அவருக்கு நிலைத்துவிட்ட பெயர். அந்தப் பெயரில் பிழையில்லை. ஆனால் அவருடைய ஆய்வுக் கட்டுரைகளைக் கால வரிசையில் வைத்துப் படித்தால் வேறொரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. அறுபதைத் தாண்டிய வயதில் அவர் சிறுநீரகத்தில் செய்த வேலைதான் அவருடைய பணியிலேயே உயர்ந்தது. புகழ் கிடைத்த வேலையில் அவர் விட்டுவைத்த ஒரு கடமையை, குறைவாகப் பேசப்படும் இந்த வேலையில் பெரும்பகுதி நிறைவேற்றினார் என்பது என் கணிப்பு. அதற்கான காரணங்களையும், கணக்கில் இன்னும் பற்றாக நிற்பதையும் இங்கே எழுதுகிறேன்.

1948-ல் திருச்சூரில் பிறந்த மேனன் மருத்துவம் படித்தது புதுச்சேரி ஜிப்மரில். பிறகு பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சிறுநீரியல் பயிற்சி. 1983-ல், 34 வயதில், வூஸ்டரில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் துறைத் தலைவர். 1997-ல் டெட்ராய்ட். இந்தக் காலம் முழுவதும் அவருக்கும் ரோபோவுக்கும் தொடர்பே கிடையாது. பிராஸ்டேட் திசுவில் ஆண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளை அளப்பது, கல்லை உண்டாக்கும் ஆக்சலேட்டை அளப்பது என்று அவர் சோதனைக்கூடத்தில் உழைத்த காலம் அது. சிறுநீரியல் மாணவர்கள் உலகெங்கும் படிக்கும் கேம்பெல் பாடநூலில் சிறுநீர்க் கல் குறித்த அத்தியாயத்தை மார்ட்டின் ரெஸ்னிக்கோடு சேர்ந்து எழுதியவரும் அவர்தான். அறுவை மேசையில் கை ஓடுவதற்கு முன்பே அளந்து பார்க்கும் பழக்கம் இவரிடம் ஊறியிருந்தது. பின்னால் வருவதைப் புரிந்துகொள்ள இந்தப் பழக்கத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ரோபோ வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1990-ல் செயின்ட் லூயிஸில் ரால்ஃப் கிளேமேன், வயிற்றைத் திறக்காமல் துளைகள் வழியாக ஒரு முழுச் சிறுநீரகத்தை முதன்முறையாக அகற்றிக் காட்டினார். அதற்கு அடுத்த பத்தாண்டில் லேப்ராஸ்கோபி எனப்படும் இந்தத் துளை வழி அறுவை வேகமாக வளர்ந்தது. ஆனால் அந்தக் கருவிகள் நீண்ட குச்சிகள், மணிக்கட்டு கிடையாது. வெளியே கையை இடப்பக்கம் அசைத்தால் உள்ளே நுனி வலப்பக்கம் போகும். படமும் தட்டையானது. வெட்டுவதையும் கட்டுவதையும் எப்படியோ சமாளிக்கலாம். வளைந்த ஊசியால் தைப்பது பெரும்பாடு. இந்த வித்தையில் அன்று கைதேர்ந்தவர்களாக இருந்த பாரிஸ் மோன்சூரி மருத்துவமனையின் கியோனோவையும் வலான்சியனையும் மேனன் டெட்ராய்ட்டுக்கே வரவழைத்தார். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. திறந்த அறுவையிலேயே வாழ்நாளைக் கழித்த ஒருவருக்கு அந்தக் குச்சிகள் வசப்படுவது எளிதாக இல்லை. அதே 2000-ஆம் ஆண்டில் டா வின்சி ரோபோவுக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. கன்சோலில் உட்கார்ந்து விரல்களை அசைத்தால் உள்ளே இருக்கும் கருவி மணிக்கட்டுபோல் திரும்பும். முப்பரிமாணப் படம், பத்து மடங்கு பெரிதாக. திறந்த அறுவையில் பழகிய கைக்கு இது சொந்த வீட்டுக்குத் திரும்பியதைப் போல இருந்திருக்கும். அந்த ஆண்டின் இறுதியில் தொடங்கியவர், பிறகு திரும்பிப் பார்க்கவில்லை.

இங்கே ஒரு திருத்தம் தேவை. ரோபோவால் பிராஸ்டேட்டை முதலில் எடுத்தவர் மேனன் என்று இந்தியப் பத்திரிகைகள் அவ்வப்போது எழுதுகின்றன. அதே ஆண்டில் அவருக்கு முன்பே ஃபிராங்க்ஃபர்ட்டில் யோஹன் பிண்டர் அதைச் செய்துவிட்டார். பாரிஸை அடுத்த கிரெத்தெய்யில் க்ளோத் அபுவின் குழுவும் அந்தச் சமயத்திலேயே இறங்கியிருந்தது. மேனனின் சாதனை வேறு வகை. ஒருமுறை செய்து காட்டப்பட்ட ஒன்றை, நாள்தோறும் நடக்கும் ஒன்றாக மாற்றினார். ஒவ்வொரு கட்டத்தையும் வரையறுத்தார், மற்றவர்களுக்குக் கற்பித்தார், ஆயிரக்கணக்கில் செய்தார். 2001-ல் டெட்ராய்ட் தொழிலதிபர் ராஜ் வட்டிகுட்டியின் அறக்கட்டளை ஹென்றி ஃபோர்டுக்கு 2 கோடி டாலர் கொடுக்க, வட்டிகுட்டி சிறுநீரியல் நிலையம் உருவானது.

குறை என்று நான் கருதுவதும் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு புதிய அறுவை பழையதைவிட மேலானதா என்பதை அறிய நம்பகமான வழி, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து ஒப்பிடுவது. அதற்கு ஒரு காலம் உண்டு. எது மேல் என்று மருத்துவர்களுக்கே உறுதியில்லாத தொடக்க ஆண்டுகளில்தான் நோயாளிகள் அதற்கு ஒப்புவார்கள். 2001-லிருந்து சில ஆண்டுகளுக்கு அந்தக் கதவு திறந்திருந்தது. உலகில் வேறு யாருக்கும் இல்லாத எண்ணிக்கையும் பணமும் பெயரும் மேனனிடம் இருந்தன. அந்தக் குழு நிறையவே வெளியிட்டது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை தங்கள் நோயாளிகளின் தொடர்வரிசைகள், தங்கள் முந்தைய முடிவுகளோடான ஒப்பீடுகள். ரோபோவைத் திறந்த அறுவையோடு ஒப்பிடும் குலுக்கல் ஆய்வு ஒன்று வெளிவர ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனை நம்பி 2016 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 326 ஆண்கள் பங்கேற்ற அந்த ஆய்வில், ரத்த இழப்பும் மருத்துவமனையில் தங்கும் நாளும் ரோபோ பிரிவில் குறைந்தன. நோயாளிகள் உண்மையில் அஞ்சும் இரண்டு விஷயங்களில், அதாவது சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் ஆண்மையிலும், பன்னிரண்டு வாரத்தில் வேறுபாடு காணப்படவில்லை. அதற்குள் உலகமே ரோபோவுக்கு மாறியிருந்தது. மேனன் ஒருவரால் அந்த அலையைத் தடுத்திருக்க முடியாதுதான். ஆனால் அலை எழுந்த இடத்தில் நின்றவர் அவர். அளக்கத் தெரிந்தவர், அளக்க வேண்டிய நேரத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வியைக் கேட்கவில்லை என்பதை அவருடைய கணக்கில் பற்றாக எழுதித்தான் ஆக வேண்டும்.

இனி சிறுநீரகம். ரோபோவைச் சிறுநீரகத்தில் பயன்படுத்துவதை ஒரே விஷயமாகப் பேசுவது பெரிய குழப்பத்துக்கு வழி. முழுச் சிறுநீரகத்தையும் அகற்றும் அறுவையில் தையல் வேலை கிட்டத்தட்டக் கிடையாது; ரத்தக்குழாய்களைக் கட்டி வெட்டி எடுத்தால் முடிந்தது. அமெரிக்காவில் 416 மருத்துவமனைகளின் 2003 முதல் 2015 வரையான தரவுகளை ஸ்டான்ஃபோர்டு குழு ஒன்று ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டது. முழு அகற்றலில் ரோபோவின் பங்கு 1.5 சதவீதத்திலிருந்து 27 சதவீதமாக உயர்ந்திருந்தது. பெரிய சிக்கல்கள் சாதாரண லேப்ராஸ்கோபியில் எவ்வளவோ அவ்வளவேதான். ஆனால் நான்கு மணி நேரத்துக்கு மேல் நீண்ட அறுவைகள் ரோபோவில் 46.3 சதவீதம், லேப்ராஸ்கோபியில் 25.8 சதவீதம். செலவும் சராசரியாக 2,700 டாலர் அளவுக்குக் கூடுதல். இந்த அறுவையில் ரோபோவுக்கு வேலையே இல்லை என்பதுதான் இதன் பொருள். ஊசி நூலோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தைக்க வேண்டிய இடத்தில்தான் அந்த எந்திரம் தன் விலையை நியாயப்படுத்த முடியும்.

சிறுநீரகத்தில் அப்படி இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது, கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மீதிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றும் பகுதி அகற்றல். தமனியை கிளாம்ப் போட்டு அடைத்து, ரத்தம் வராத அந்தச் சில நிமிடங்களில் கட்டியை வெட்டியெடுத்து, குழியைத் தைத்து மூட வேண்டும். உடல் வெப்பத்தில் ரத்தமின்றி இருக்கும் சிறுநீரகம் ஒவ்வொரு நிமிடமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. இருபத்தைந்து, முப்பது நிமிடத்துக்குள் கிளாம்ப்பை எடுத்துவிட வேண்டும் என்பது பொது வழக்கு. இந்தத் துறையில் லேப்ராஸ்கோபியின் முன்னோடி இந்தர்பீர் கில். அவர் முன்னின்று, மூன்று பெரிய மருத்துவ மையங்களின் 1,800 நோயாளிகளை ஒப்பிட்டு 2007-ல் வெளியிட்ட ஆய்வு என்னிடம் மிகுந்த மரியாதையை உண்டாக்கிய ஒன்று. தான் வளர்த்த லேப்ராஸ்கோபியில் ரத்தம் நின்ற நேரம் சராசரியாக முப்பது நிமிடம், திறந்த அறுவையில் இருபது நிமிடம் என்று அதில் அவரே எழுதினார். தன் கை வேலைக்கு எதிரான எண்ணைத் தானே அச்சேற்றும் அறுவை மருத்துவர்கள் அதிகம் இல்லை. அந்தப் பத்து நிமிடத்தைப் பெருமளவு மீட்டுத் தந்தது ரோபோவின் மணிக்கட்டு. அதனால்தான் பகுதி அகற்றல் இன்று பெருமருத்துவமனைகளுக்கு வெளியேயும் பரவியிருக்கிறது.

இதிலும் ஒரு நெருடல் உண்டு. பகுதி அகற்றலையும் முழு அகற்றலையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்ட ஒரே பெரிய ஆய்வு, ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வமைப்பு 541 நோயாளிகளிடம் நடத்தியது. சிறுநீரகத்தின் பகுதியைக் காப்பாற்றியவர்களுக்குச் சிறுநீரகச் செயல்பாடு நன்றாக இருந்தது. ஆனால் பத்தாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் முழு அகற்றலில் 81.1 சதவீதம், பகுதி அகற்றலில் 75.7 சதவீதம். யாரும் எதிர்பாராத விடை இது. அதன் குறைகளைப் பற்றிப் பல பக்க விவாதங்கள் நடந்திருக்கின்றன. அவற்றில் சில நியாயமானவையும்கூட. ஆனாலும், ஒரு சிறுநீரகம் மட்டுமே உள்ளவருக்கும் சர்க்கரை நோயாளிக்கும் பகுதி அகற்றல் தேவை என்று சொல்வதும், எல்லாச் சிறு கட்டிக்கும் அதுவே உயிர் காக்கும் என்று விளம்பரம் செய்வதும் ஒன்றாகாது.

மேனன் குழுவின் தனித்த பங்களிப்பு 2013-ல் வருகிறது. அப்போது ஹென்றி ஃபோர்டில் கிரெய்க் ராஜர்ஸ், மேனன் முதலானோர் பகுதி அகற்றலின்போது வயிற்றுக்குள் ஐஸைப் போட்டுச் சிறுநீரகத்தைக் குளிரவைக்கும் முறையை வெளியிட்டார்கள். திறந்த அறுவையில் இது பழைய பழக்கம். சிறுநீரகத்தைச் சுற்றி ஐஸ் கூழை அப்பி, குளிர்ந்தபின் நிதானமாக வெட்டுவார்கள். குளிர்ந்த திசுவுக்குப் பிராணவாயு தேவை குறைவு, எனவே நேரம் கிடைக்கும். துளை வழி அறுவைக்கு மாறியபோது ஐஸை உள்ளே கொண்டுபோக எளிய வழியில்லாததால் அந்தப் பாதுகாப்பு கைவிடப்பட்டது. பிறகு பெரும்பாலோர் கையின் வேகத்தைக் கூட்டுவதிலேயே குறியாக இருந்தார்கள். கைவிட்டதைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி என்று யோசித்தது இந்தக் குழு. அதே ஐஸ்தான் இரண்டாவது இடத்துக்கு, சிறுநீரக மாற்றுக்கு, வழி திறந்தது.

மாற்று அறுவையில் கொடையாளரிடமிருந்து எடுத்த சிறுநீரகத்தைக் குளிர்ந்த திரவத்தால் கழுவி ஐஸில் வைத்திருப்பார்கள். வெளியே எடுத்து நோயாளியின் இடுப்புப் பகுதி ரத்தக்குழாய்களோடு தைக்கத் தொடங்கியதும் அது சூடேறத் தொடங்குகிறது. திறந்த அறுவையில் தேர்ந்த கைக்கு அரை மணி நேரம் போதும். ரோபோவில், அதுவும் மூடிய வயிற்றின் 37 டிகிரி வெப்பத்தில், இன்னும் கூடுதலாகும். மேனன் குழு செய்ததைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நோயாளியின் தலை தாழ்ந்து கால் உயர்ந்திருக்கும்படி மேசை சாய்க்கப்படுகிறது. தொப்புளை ஒட்டி ஒரு சிறு வெட்டு. அதில் ஜெல் மூடி கொண்ட ஒரு வாயில் பொருத்தப்படுகிறது. முனையை வெட்டி அகலமாக்கிய பெரிய சிரிஞ்சுகளில் ஐஸ் கூழ் நிரப்பப்பட்டு, சுமார் கால் லிட்டர் அளவுக்கு இடுப்புக் குழியில் செலுத்தப்படுகிறது. சிறுநீரகத்துக்குக் காஸ் துணியில் ஒரு சட்டை. அதற்குள்ளும் ஐஸ் கூழ். தமனியும் சிரையும் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாயில் வழியாகச் சிறுநீரகம் உள்ளே இறங்குகிறது. முதலில் சிரை, பிறகு தமனி, இரண்டும் கோர்-டெக்ஸ் நூலால். கிளாம்ப்பைத் திறந்ததும் சாம்பல் நிறத்தில் இருந்தது இளஞ்சிவப்பாக மாறுகிறது. பின்னர் சிறுநீர்க்குழாயைச் சிறுநீர்ப்பையோடு தைப்பதும், வயிற்றின் உட்சவ்வை எடுத்துச் சிறுநீரகத்தின் மேல் போர்வைபோல் மூடுவதும் நடக்கின்றன.

இதை நோயாளியிடம் நேராகப் போய்ச் செய்யவில்லை என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. புதிய அறுவைகள் ஒழுங்கில்லாமல் புகுத்தப்படுவதைக் கட்டுப்படுத்த 2009-ல் பிரிட்டனில் இருந்து ஐடியல் என்ற நெறிமுறை ஒன்று வெளியாகியிருந்தது. எண்ணம், வளர்ச்சி, ஆராய்தல், மதிப்பிடுதல், நெடுங்காலக் கண்காணிப்பு என்று படிப்படியாக ஏறச் சொல்லும் நெறிமுறை அது. மேனன் குழு டெட்ராய்ட்டில் ஐஸால் இடுப்புக் குழி எவ்வளவு குளிர்கிறது, உடலின் மொத்த வெப்பம் குறைகிறதா என்று முதலில் அளந்து பார்த்தது. அதன் பிறகே, உயிரோடிருப்பவர்களின் சிறுநீரக தானத்தில் அதிக எண்ணிக்கையில் மாற்று அறுவைகள் நடக்கும் குருகிராம் மேதாந்தா மருத்துவமனையில், ராஜேஷ் அஹ்லாவத்தின் குழுவோடு சேர்ந்து 2013-ல் நோயாளிகளிடம் தொடங்கியது.

தொடர்ச்சியாக ஐம்பது பேரின் முடிவுகள் அடுத்த ஆண்டு வெளியாயின. சிறுநீரகத்தின் மேற்பரப்பு 18 முதல் 20 டிகிரி வரை குளிர்ந்தது. உடலின் உள்வெப்பம் மாறவில்லை. தமனித் தையலுக்குச் சராசரியாக 12 நிமிடம், சிரைக்கு 13.4 நிமிடம். ஐம்பது சிறுநீரகங்களும் உடனே வேலை செய்தன. வீட்டுக்குப் போகும்போது சராசரி கிரியேட்டினின் 1.3. ஆறு மாதத்தில் சிடி ஸ்கேனில் யாருக்கும் நிணநீர் தேங்கவில்லை. இருவரை மறுபடி திறந்து பார்க்க வேண்டியிருந்தது. ஒருவர் ஒன்றரை மாதத்தில் இதயச் செயலிழப்பால் இறந்தார். இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களும் அதே சுருக்கத்தில், அதே எழுத்தில் இருந்தன.

அதைவிட முக்கியமான ஒன்று. தொழிற்சாலைகளில் உற்பத்தித் தரம் நழுவுகிறதா என்று கண்காணிக்க வரைபடம் போடுவார்கள். ஒவ்வொரு பொருளின் அளவையும் வரிசையாகக் குறித்துக்கொண்டே போனால், தவறு பெரிதாவதற்கு முன்பே கோடு எல்லையைத் தாண்டிக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் குழு அதே வரைபடத்தை ஒவ்வொரு நோயாளிக்கும் போட்டது. கற்றுக்கொள்ளும் காலத்தில் யாராவது பலியாகிறார்களா என்ற கேள்வியை எண்களாக மாற்றி, அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே பார்த்துக்கொண்டது. 2001-ல் பிராஸ்டேட்டில் இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால் வரலாறு வேறாக இருந்திருக்கும். ஆக்சலேட்டை அளந்த இளைஞர் முப்பது ஆண்டு கழித்து அறுவை அரங்கிலும் அளவுகோலைக் கையில் எடுத்தார்.

எதிர்வாதங்கள் வலுவானவை, தள்ளிவிடக் கூடாதவை. டெட்ராய்ட்டில் பிறந்த முறையின் முதல் நோயாளிகள் ஏன் இந்தியர்களாக இருந்தார்கள்? எண்ணிக்கை அங்கே இருந்தது என்பது விடையின் ஒரு பாதிதான். இந்தியாவில் உயிரோடு சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்: தாய், மனைவி, அக்கா. ஒரு அம்மா கொடுத்த சிறுநீரகம் புதிய முறையில் தைக்கும்போது வீணானால் அவரிடம் கொடுக்க வேறொன்று இல்லை. நோயாளியின் ஒப்புதலோடு கொடையாளரின் ஒப்புதலும் தனியாக, விளக்கமாகப் பெறப்பட வேண்டிய சூழல் அது. வெளிப்படையான எண்கள் இந்தக் கவலையைக் குறைக்கின்றன, தீர்க்கவில்லை. கூடவே, குழுவில் முக்கிய இடம் வகித்த மகேந்திர பண்டாரி, இந்தியாவில் ரோபோ அறுவையைப் பரப்பும் வட்டிகுட்டி அறக்கட்டளையின் தலைமைப் பொறுப்பிலும் இருந்தவர். பண்டாரியின் நேர்மை மீது எனக்கு ஐயமில்லை. ஆனால் சோதிப்பவரும் பரப்புபவரும் ஒருவராக இருக்கும்போது, வெளியாள் ஒருவரின் சோதனை கூடுதலாகத் தேவைப்படுகிறது.

ஐஸ் அவசியம்தானா என்பது அடுத்தது. சிகாகோவில் ஜூலியனோட்டியின் குழு ஐஸ் இல்லாமலே ரோபோ மாற்றுகளைச் செய்து நல்ல பலன் கண்டிருக்கிறது. ரோபோவே அவசியமா என்றும் கேட்கலாம்: அகமதாபாத் சிறுநீரக நிலையத்தில் பிரஞ்சல் மோடி வெறும் லேப்ராஸ்கோபியால் மாற்று அறுவை செய்து 2011-லேயே வெளியிட்டிருக்கிறார். அது எல்லோராலும் கற்கக்கூடிய வித்தை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மேனன் முறை கற்கக்கூடியதுதான் என்பதற்குச் சான்று ஐரோப்பாவிலிருந்து வந்தது. பார்சிலோனாவின் ஆல்பர்ட்டோ பிரெடா ஒருங்கிணைத்த எட்டு மையங்கள், இதே முறையில் 120 பேருக்குச் செய்து 2018-ல் வெளியிட்டன. பெரும்பாலோருக்கு நல்ல பலன். ஆனால் தமனியில் ரத்தம் உறைந்து, பொருத்திய சிறுநீரகத்தை இழந்தவர்களும் இருந்தார்கள். மிச்சிகன் மாநிலத்தில் உடல் பருமன் அறுவை செய்யும் 20 மருத்துவர்களின் காணொளிகளைச் சக மருத்துவர்களிடம் மதிப்பிடக் கொடுத்த 2013-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று நினைவுக்கு வருகிறது. கைத்திறனில் கீழ்நிலையில் இருந்தவர்களிடம் சிக்கல் 14.5 சதவீதம், மேல்நிலையில் 5.2 சதவீதம். கருவி ஒன்றாகவே இருந்தாலும் கைகளுக்கிடையே இவ்வளவு தூரம். பல்லாயிரம் மணி நேரம் கன்சோலில் கழித்தவரின் பன்னிரண்டு நிமிடத் தமனித் தையலை வேறொரு மருத்துவமனை தன் விளம்பரத்தில் போட்டுக்கொள்வது நியாயமே ஆகாது.

எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி, நோயாளிக்குக் கிடைத்தது என்ன என்பது. மேதாந்தா குழு 2021-ல் வெளியிட்ட ஒப்பீட்டில், ரோபோ முறையில் மாற்று பெற்ற 126 பேரில் யாருக்கும் காயத்தில் தொற்று இல்லை; திறந்த முறையில் 4 சதவீதம் பேருக்கு இருந்தது. தொந்தரவு தரும் நிணநீர்த் தேக்கமும் அப்படியே: இங்கே பூஜ்யம், அங்கே 7 சதவீதம். அந்த உட்சவ்வுப் போர்வையும் வயிற்றறைக்குள் அறுவை நடப்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம்; கசியும் நிணநீரை வயிற்றறை உறிஞ்சிக்கொள்கிறது. வலி குறைவு. ஆனால் பொருத்திய சிறுநீரகம் எத்தனை காலம் உழைக்கிறது என்பதில் இரண்டும் சமம். இதுவும் குலுக்கல் ஆய்வு கிடையாது. ஒத்த நோயாளிகளைப் பின்னர் பொருத்திப் பார்த்த ஒப்பீடு. ஐடியல் ஏணியில் குலுக்கல் ஆய்வுக்கு முந்தைய படி வரை ஏறியிருக்கிறார்கள். குலுக்கல் ஆய்வுப் படியில் அதுவரை கால் வைக்கவில்லை.

நிணநீரும் தழும்பும் குறைந்தன என்பதற்காக ஒரு விலையுயர்ந்த எந்திரம் தேவையா என்று கேட்டால், ஒல்லியான, திறந்த அறுவையே எளிதாகச் செய்யக்கூடிய நோயாளிக்குத் தேவையில்லை என்பேன். மறுப்பு வருமிடம் சிகாகோ. அங்கே ரோபோவைப் பயன்படுத்தியது, உடல் பருமன் மிகுதியால் காயம் சீழ்பிடிக்கும் என்று மாற்றுப் பட்டியலிலேயே சேர்க்கப்படாத நோயாளிகளுக்காக. 2013-ல் அங்கிருந்து ஓபர்ஹோல்சர் வெளியிட்ட ஒப்பீட்டில், திறந்த முறையில் மாற்று பெற்ற பருமனான 28 பேரில் 8 பேருக்குக் காயத்தில் தொற்று. ரோபோ பிரிவில் அது மிக அரிது. அடிவயிற்றில் வெட்டே இல்லை என்பதுதான் காரணம். டயாலிசிஸிலேயே காலம் முடியும் என்று விடப்பட்டவருக்கு அந்த எந்திரம் ஒரு சிறுநீரகத்தைத் தந்தது. ரோபோ மாற்று யாருக்குத் தேவை என்பதைக் காட்டியவர்கள் சிகாகோக்காரர்கள். அதை எப்படிப் பொறுப்போடு அறிமுகம் செய்வது என்பதைக் காட்டியவர் மேனன். இரண்டில் நோயாளிக்கு நேரடிப் பயன் தந்தது முன்னது என்றாலும், அறுவைக் கலைக்கு நீடித்த பயன் தருவது பின்னது. எந்திரம் மாறும், புதியதை நோயாளியின் உடலில் நுழைக்கும் ஒழுங்கு அடுத்த எந்திரத்துக்கும் வேண்டியிருக்கும். மேனனைப் பெரிய அறுவை மருத்துவர் என்று நான் சொல்வது இந்த ஐம்பது நோயாளிகளை வைத்துத்தான். ஆயிரக்கணக்கான பிராஸ்டேட்டுகளை வைத்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

அவர் படித்த ஜிப்மர் நமக்குப் பக்கத்து வீடு என்பதால் மட்டும் இதை இங்கே எழுதவில்லை. இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971-ல் வேலூர் சிஎம்சியில் நடந்தது. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பெறுவதில் 2008 முதல் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. அரசுப் பணத்தில், ஏறத்தாழ 35 கோடி ரூபாயில், சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனையில் 2022-ல் ரோபோ அறுவை மையமும் திறக்கப்பட்டது. மேனனின் மாற்று முறையை அப்படியே இங்கே எதிர்பார்ப்பது சரியாக இருக்காது. அது நாள் குறித்து நடக்கும் உயிருள்ள கொடைக்கு ஏற்றது. மூளைச்சாவுக் கொடையில் சிறுநீரகம் நள்ளிரவில் வரும், பல மணி நேரம் ஐஸில் கிடந்துவிட்டு வரும். அப்போது தேவைப்படுவது தயாராக இருக்கும் திறந்த அரங்கும் வேகமான கையும். அரசு ரோபோவுக்குச் சிறுநீரகத்தில் முதல் உரிமை பகுதி அகற்றலுக்குத்தான், அதிலும் ஒற்றைச் சிறுநீரகக்காரருக்கும் சர்க்கரை நோயாளிக்கும். அதற்கு அடுத்து, பருமன் காரணமாக மாற்றுக்கு மறுக்கப்பட்டவர்கள். முழு அகற்றலுக்கு அதை ஓட்டக் கூடாது.

மேதாந்தாவில் போட்ட அந்த வரைபடத்துக்குக் கோடிகள் தேவையில்லை. ஒரு கணினியும், தவறையும் சேர்த்துக் குறிக்கும் ஒரு மருத்துவரும் போதும். மக்கள் பணத்தில் ஓடும் ஒரு ரோபோ செய்யும் சிறுநீரக அறுவைகள் ஒவ்வொன்றுக்கும் அது போடப்பட வேண்டும்: ரத்தம் நின்ற நிமிடங்கள், மறுபடி திறந்தவை, இறப்புகள், மருத்துவர் வாரியாக. ஆண்டுதோறும் அது வெளியிடவும் பட வேண்டும். தனியார் மருத்துவமனைகள் தர மறுக்கும் அந்தக் கணக்கை அரசு மருத்துவமனை ஒன்று முதலில் தந்துவிட்டால், மற்றவர்களிடமும் கேட்கும் உரிமை நோயாளிகளுக்குத் தானாக வந்துவிடும்.